வன்னிக் கழகத்திலிருந்து தெற்காசிய இளையோர் கிண்ணம் வரை: பயிற்றுவிப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஓர் ஆயத்தக் கையேடு

தேசிய இளையோர் உதைபந்தாட்டக் குழாமுக்கான தேர்வு அறிவித்தல் வந்த பிறகு ஆயத்தத்தைத் தொடங்கும் கழகம் ஏற்கெனவே பிந்திவிட்டது. வன்னியின் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டப் பிள்ளைகளின் காலில் குறை இல்லை. அவர்கள் விழுத்தப்படும் இடங்கள் மூன்று: பிறந்த திகதிக் காகிதம், பழகாத தரை, ஆட்டத்தின் கடைசி 20 நிமிடம். மூன்றையும் ஊரிலேயே, பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம். ஆனால் ஒரு வருடம் முன்னரே கை வைக்க வேண்டும்.

போட்டி எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். தெற்காசிய உதைபந்தாட்ட சம்மேளனம் 1997இல் தொடங்கியது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு, பாகிஸ்தான் என ஏழு நாடுகள் இப்போது அதில் உள்ளன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இளையோர் கிண்ணங்கள் நடக்கின்றன. ஆண்கள் பிரிவில் வயதெல்லை ஒரு வருடம் 15, இன்னொரு வருடம் 16, பிறகு 17 என்று மாறி மாறி வந்திருக்கிறது. ஆகவே “பதினேழுக்குக் கீழ்” என்ற பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டாம். சுற்றறிக்கையில் “இந்தத் திகதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் கணக்கு. பாடசாலைப் போட்டிகளின் வயதெல்லையும் இதுவும் ஒன்றல்ல. பாடசாலை அணியில் இன்னும் ஆடக்கூடிய பிள்ளை இங்கே வெளியே நிற்க வேண்டி வரலாம்.

காகிதம்

இப்போது இந்த வயதை அண்டும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போர் முடிந்த அந்தக் காலத்தில் வன்னிக் குடும்பங்கள் எங்கே, எப்படி இருந்தன என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருந்தபோது பிறந்தவர்கள், செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பிறந்தவர்கள், பல மாதம் கழித்துப் பதியப்பட்டவர்கள் என்று ஒரே அணிக்குள் எல்லா வகையும் இருக்கும். சட்டப்படி பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவு. அப்படிப் பதியப்பட்ட சான்றிதழ் முழுச் செல்லுபடியானது. ஆனால் பிறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் நடுவில் இடைவெளி தெரிவதால் கேள்வி வரும். கேள்வி வரும்போது காட்ட வேறு சான்றுகள் கையில் இருக்க வேண்டும்.

வருடத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, கிளினிக் கார்ட் என்று அம்மாமார் வைத்திருக்கும் குழந்தை வளர்ச்சிப் பதிவேடு, முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது பாடசாலை எழுதிய அனுமதிப் பதிவின் பிரதி, கத்தோலிக்கக் குடும்பமானால் திருமுழுக்குப் பதிவு. இவை எல்லாவற்றிலும் திகதி ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு முதல் வாரம் போய் நின்றால் அங்கே யாராலும் உதவ முடியாது.

திகதியைவிட அதிகம் சிக்குவது பெயர். தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால் என்ற நம் வழக்கம் விண்ணப்பப் படிவங்களின் பெட்டிகளுக்குள் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் போய் விழும். ஆங்கில எழுத்திலும் அப்படித்தான். ஒரே பிள்ளை அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், லீக் பதிவில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று இருந்தால், குழாம் பட்டியலை அனுப்பும் நாளில் பெயர் பொருந்தாது. தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்கலாம். அதில் எழுதப்படும் எழுத்துக்கூட்டலையே மற்ற எல்லா இடத்திலும் எழுதுவது என்று வீட்டாருடன் அன்றே முடிவெடுத்து, கோப்பின் முகப்பில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடவுச்சீட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பன் இறந்த, பிரிந்த, காணாமலாக்கப்பட்ட வீடுகள் இங்கே நிறைய. அப்படியான வீட்டுக்கு முதலில் போங்கள். எந்தச் சான்று ஏற்கப்படும் என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டு, தாயின் கையில் பட்டியலாக எழுதிக் கொடுங்கள். அணியில் கடைசியாகக் கடவுச்சீட்டு கிடைப்பது இந்தப் பிள்ளைக்குத்தான்.

வயதைக் குறைத்துப் பதிவதைப் பற்றி நேரே சொல்லிவிடுகிறோம். பிபா 2009ஆம் ஆண்டின் 17 வயதுக்கு உட்பட்ட உலகக் கிண்ணத்திலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து வயது பார்க்கிறது. ஆரை எலும்பின் கீழ்நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு முழுதாக மூடிவிட்டதா என்பதே சோதனை. 17 வயதுக்குள் அது முழுதாக மூடுவது மிக அரிது. மூடியிருந்தால் ஆட விடமாட்டார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, பெற்றோர் பயப்பட வேண்டாம். ஒரு பிள்ளையின் திகதியை மாற்றினால் பிடிபடுவது அந்தப் பிள்ளை மட்டுமல்ல. உண்மையான வயதில் இருக்கும் மற்றொரு பிள்ளையின் இடமும் சேர்ந்தே போகிறது.

மைதானம்

சர்வதேச ஆட்டத்துக்கான மைதானம் 100 முதல் 110 மீற்றர் நீளமும் 64 முதல் 75 மீற்றர் அகலமும் இருக்க வேண்டும். வன்னியில் காணி தாராளம். ஆனாலும் பல ஊர் மைதானங்கள் 90க்கு 55 என்று கண்மதிப்பில் வெட்டப்பட்டவை. அங்கே பழகிய பின்கள வீரர் பெரிய மைதானத்தில் தன் பக்கத்தில் திறந்து கிடக்கும் இடத்தைக் கணிக்கத் தெரியாமல் நிற்பார். ஆகவே 105க்கு 68 அளந்து கோடு போடுங்கள்.

1. கோல் கம்பங்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் பின்னேர வெயில் ஒரு கோல் காப்பாளரின் கண்ணில் அடிக்கும்.
2. ஒரு மூலையில் முளை அடித்து, கயிற்றில் 6, 8, 10 மீற்றர் முக்கோணம் பிடித்தால் செங்கோணம் கிடைக்கும்.
3. நான்கு மூலையும் நட்டபின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 125.1 மீற்றர் வர வேண்டும். அரை மீற்றர் வித்தியாசம் வந்தால் மைதானம் சரிந்திருக்கிறது. கோடு போடுமுன் மூலையை நகர்த்துங்கள்.
4. தண்டனைப் பகுதி கோல் கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து இரு பக்கமும் 16.5 மீற்றர், உள்ளே 16.5 மீற்றர். கோல் பகுதிக்கு 5.5 மீற்றர். பெனல்டிப் புள்ளி 11 மீற்றர். நடு வட்டத்தின் ஆரை 9.15 மீற்றர். கோல் வாய் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம்.
5. கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. எல்லாக் கோட்டையும் கூட்டினால் ஏறக்குறைய 720 மீற்றர் வரும். வெள்ளைப் பூச்சோ தூளோ அதற்கேற்ப வாங்குங்கள்.

நீறாத சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் போட வேண்டாம். வியர்வையுடன் சேர்ந்தால் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். தண்ணீர் கலந்த வெள்ளை இமல்சன் பூச்சு போதும்.

புல்லுக்கு அறுகை விட்டால் இந்த மண்ணுக்கு வேறு பொருத்தமானது இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் வேர் விட்ட துண்டுகளை ஓரடி இடைவெளியில் நட்டால், மாரி முடியும்போது தரையை மூடிவிடும். மூன்று, நான்கு சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டி வையுங்கள். நடும் வேலையைவிடக் கடினமானது மாட்டைத் தடுப்பது. ஈரத் தரையில் மாடு நடந்தால் குளம்புக் குழி விழும். தை மாதத்தில் மண் இறுகும்போது அந்தக் குழி அப்படியே கல்லாகிவிடும். பங்குனியில் பிள்ளைகள் கணுக்கால் சுளுக்கி நொண்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். குழிகளை ஈரம் காயுமுன் மணல் போட்டு நிரப்பி உருளை இழுத்துவிடுங்கள். ஓரங்களில் படரும் நெருஞ்சியைக் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த பிறகு பிடுங்கினால் முள் மைதானம் முழுக்கக் கொட்டும், பந்தும் தப்பாது பாதமும் தப்பாது.

பந்தும் சப்பாத்தும்

ஐந்தாம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை, பழைய அளவில் சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல். சைக்கிள் பம்மில் கைக்கணக்காக அடிக்காமல் அளவுமானி ஒன்று வாங்குங்கள்.

கிறவல் தரையில் பந்து மேலே துள்ளும். அதனால் நம் பிள்ளைகள் துள்ளும்வரை காத்திருந்து தொடையிலும் நெஞ்சிலும் எடுக்கப் பழகிவிடுகிறார்கள். கொழும்பின் நல்ல புல்லிலும் திம்புவின் செயற்கைத் தரையிலும் பந்து துள்ளாது. வழுக்கிக்கொண்டு வேகமாகக் காலுக்கு வரும். காத்திருப்பவரிடமிருந்து எதிராளி பந்தைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். தேர்வில் “முதல் தொடுகை சரியில்லை” என்று வெட்டப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு ஊரிலேயே வழி இருக்கிறது. பாடசாலையின் சீமெந்து வலைப்பந்துத் திடலில் பந்தின் காற்றை 0.6க்கு இறக்கி, சாதாரண கன்வஸ் சப்பாத்துடன் 10 மீற்றர் இடைவெளியில் தரையோடு கடத்த விடுங்கள். இரண்டே தொடுகை: ஒன்று எடுக்க, ஒன்று கொடுக்க. வாரத்துக்கு இரண்டு நாள், 20 நிமிடம். பந்து வருமுன் தோளுக்கு மேலால் பின்னே பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் விரலில் காட்டும் எண்ணைச் சொன்ன பிறகே பந்தைத் தொடலாம். மைதானத்தில் 20 மீற்றர் சதுரம் புல் இருந்தால் விடியற்காலையில் தண்ணீர் அடித்து அதிலும் இதையே செய்யுங்கள்.

வெறுங்காலில் பழகிய பிள்ளைக்குச் சப்பாத்துப் பழக ஆறு தொடக்கம் எட்டு வாரம் விடுங்கள். முதல் வாரம் 15 நிமிடம், பிறகு கூட்டிக்கொண்டு போங்கள். தேர்வுக்கு முதல் நாள் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் அடுத்த நாள் பத்தாவது நிமிடத்தில் குதிக்கால் கொப்பளிக்கும். இறுகிய மண்ணுக்கும் செயற்கைத் தரைக்கும் குட்டையான, எண்ணிக்கை கூடிய இறப்பர் குமிழ்களே ஏற்றவை. திருகிப் பூட்டும் இரும்புக் குமிழ் செயற்கைத் தரையில் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்ப, கால் திரும்பாது, முழங்கால் நார் அறும்.

உடம்பு

பாடசாலையும் ரியூசனும் முடிந்து நான்கரை தொடக்கம் ஆறு மணி வரைதான் நேரம் கிடைக்கும். வாரத்துக்கு நான்கு பயிற்சி, ஓர் ஆட்டம், ஒரு முழு ஓய்வு நாள் போதும். மைதானத்தைச் சுற்றி இருபது தரம் ஓட விடுவது பழைய முறை; அதனால் கால் களைக்கிறதே தவிர ஆட்டத்துக்கான மூச்சு வளராது. 30க்கு 20 மீற்றர் கட்டத்தில் நாலுக்கு நாலு பேர், நான்கு நிமிடம் முழு வேகம், இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கு தடவை. கடைசித் தடவையில் யார் நடக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். அந்தப் பெயர்களே 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு கோல் விடும் பெயர்கள்.

தொடக்கத்தில் பிபா 11+ என்ற உடற்சூட்டுப் பயிற்சியைச் செய்யுங்கள். 15 அசைவுகள், 20 நிமிடம்: எட்டு நிமிடம் மெதுவோட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும், இரண்டு நிமிடம் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு தரமாவது தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. பின்தொடைக்கான அசைவைப் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள்: மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடிக்க, இடுப்பு மடியாமல் முன்னே சாய வேண்டும். இடுப்பு மடிந்தால் பலன் இல்லை. தொடங்கும்போது மூன்று தொடக்கம் ஐந்து தரம் போதும்.

13 தொடக்கம் 16 வயதில் திடீரென்று உயரும் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகலாம், குதிக்கால் நோகலாம். அது சோம்பல் அல்ல. எலும்பு முந்த, தசைநார் பிந்துவதால் வருவது. பாய்ச்சலையும் உதையையும் சில வாரம் குறைத்தால் அடங்கும். அடக்கி ஆட விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தாலோ, ஓடும்போது பிள்ளை மயங்கியிருந்தாலோ, மாவட்ட வைத்தியசாலையில் இதயத்தைப் பார்க்காமல் பயிற்சிக்கு இறக்க வேண்டாம்.

சோளகம் வீசும் மாதங்களில் வியர்வை காற்றிலே காய்ந்துவிடும். பிள்ளைக்குத் தான் வற்றுவது தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றேகால் தொடக்கம் ஒன்றரை லீற்றர் உள்ளே போக வேண்டும். 50 கிலோப் பிள்ளை ஒரு கிலோவுக்கு மேல் இழந்தால் ஓட்டம் விழத் தொடங்கும். கடும் வெயிலில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பைக்கற் இல்லையானால் ஒரு லீற்றருக்குத் தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்மதிப்பில் போட வேண்டாம். வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் சுட்டெண் 32 பாகையை எட்டினால் சர்வதேச ஆட்டங்களில் நடுவர் குளிர்ச்சி இடைவேளை விடுவார். ஒன்றரை தொடக்கம் மூன்று நிமிடம் வரை. ஊரிலும் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் அதைப் பழக்குங்கள். பிள்ளை தள்ளாடினால், பேச்சு உளறினால் ஆட்டம் முடிந்தது: நிழல், உடுப்பைத் தளர்த்தல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறல், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ், உடனே வைத்தியசாலை. நினைவு தெளிவில்லாதபோது வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன் சோறு, பருப்பு, கொஞ்சம் மீன். கொத்தும் பொரியலும் அடுத்த நாளுக்கு.

தேர்வு நாள்

முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ் ஏறி, காலையில் இறங்கி, நேரே மைதானத்துக்குப் போகும் பிள்ளை தூக்கமில்லாமல் பாதிக் காலோடு ஆடுகிறது. எவ்வளவு கஷ்டமானாலும் ஒரு நாள் முன்னே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க விடுங்கள். கழகத்தின் பணத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

தேர்வில் பிள்ளை பழகாத இடத்தில், தெரியாத பத்துப் பேருடன் ஆட வேண்டும். கட்டளை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். வமட்ட என்றால் இடப்பக்கம், தகுணட்ட வலப்பக்கம், இஸ்ஸரஹட்ட முன்னுக்கு, பஸ்ஸட்ட பின்னுக்கு, துவன்ன ஓடு. இந்த ஐந்தையும் மூன்று மாதம் முன்பிருந்தே பயிற்சியில் கூவிப் பழக்குங்கள். வாய் திறந்து கூப்பிடும் பிள்ளையைத் தேர்வாளர் திரும்பிப் பார்ப்பார். திறமையோடு ஊமையாக நின்ற பிள்ளைகள் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். தன் இடத்தோடு இன்னோர் இடத்திலும் ஆடப் பழகியிருக்க வேண்டும். குழாம் 23 பேரானால் அதில் மூவர் கோல் காப்பாளர். மீதி 20 பேரில் இரண்டு இடம் ஆடத் தெரிந்தவருக்கே பயிற்றுவிப்பாளர் இடம் தேடுவார்.

கையில் கட்டிய கறுப்புக் கயிறு, தாயத்து, கழுத்துச் செபமாலை, காதுத்தோடு எதையும் நடுவர் அனுமதிக்கமாட்டார். மேலே பிளாஸ்ரர் ஒட்டினாலும் விதி விடாது. கடைசி நிமிடத்தில் கயிற்றை வெட்டச் சொன்னால் பிள்ளை மனம் குழம்பும். வீட்டாருடன் முன்னரே பேசி, மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கிண்ணத்தில்

2022இல் கொழும்பு றேஸ்கோஸ் மைதானத்தில் நடந்த 17 வயதுக் கிண்ணத்தில் ஆறு அணிகள், இரண்டு குழுக்கள். இறுதியில் இந்தியா நேபாளத்தை 4-0 என வென்றது. மூன்று அணிக் குழுவில் ஓர் அணிக்கு இரண்டே ஆட்டம். முதலாவதைத் தோற்றால் கோல் வித்தியாசமே மிஞ்சும். ஆகவே இரண்டு கோல் பின்னால் நிற்கும்போதும் மூன்றாவதை விடாமல் காப்பதைப் பழக்க வேண்டும். பயிற்சியில் “0-2, இன்னும் 15 நிமிடம்” என்று சொல்லி ஆட விடுங்கள்.

2023இலும் 2024இலும் இளையோர் கிண்ணம் திம்புவில் நடந்தது. அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீற்றர் உயரம். வன்னியோ கடலோடு ஒட்டிய தரை. முதல் இரண்டு மூன்று நாள் மூச்சு இளைக்கும், தூக்கம் கெடும், தண்ணீர் கூடக் குடிக்க வேண்டும், பயிற்சியைப் பாதியாக்க வேண்டும். காற்று மெல்லியதால் உயர்த்தி அடித்த பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும். கோல் காப்பாளருக்கு இதை முதல் நாளே அடித்துக் காட்டுங்கள்.

2025இல் கொழும்பில் நடந்த இறுதியாட்டம் பெனல்டியில் முடிந்தது. இந்தியா பங்களாதேஷை வென்றது. பெனல்டியைப் பயிற்சி முடிந்து களைத்த பிறகே பழக்குங்கள். நடுவட்டத்திலிருந்து தனியே நடந்து வரச் செய்யுங்கள், ஏறக்குறைய 40 மீற்றர். மற்றவர்கள் கூச்சல் போடட்டும். நடக்கத் தொடங்குமுன் பக்கத்தைத் தீர்மானித்து, பந்தை வைத்த பின் மாற்றக்கூடாது. விசில் கேட்டதும் ஓடாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போகட்டும். கோல் காப்பாளரின் ஒரு காலாவது, உதைக்கும் கணத்தில், கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். முன்னே பாய்ந்து தடுத்தால் உதை திரும்பக் கொடுக்கப்படும். பயிற்சியில் ஒருவர் கோட்டின் அருகே குந்தியிருந்து காலை மட்டும் பார்க்கட்டும்.